இறந்தவர் தட்டில் ஆறு சீட்டுகள்

சீட்டை வாங்கியதும் கண்டக்டர் மாமா அதை முதலில் மூக்குக்குக் கொண்டுபோனார்.

"சாதா இங்க் வாசனைதான் பாப்பா. ஆவி எழுதினதுன்னா கொஞ்சம் வித்தியாசமா இருக்கும்னு நினைச்சேன்."

"படிங்க மாமா" என்றாள் மிளகு.

மிளகு அவருடைய அக்கா மகள். வேதியியல் படித்துவிட்டு, நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, ஒருநாள் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். உருவம் சின்னது, காரம் பெரிது என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. மாமா முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டில் உட்காரப் பிடிக்காமல் அவளிடம் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். எந்த மனிதருக்கும் பயப்பட மாட்டார். பேய்க்குப் பயப்படுவார். இன்றைய வழக்கு என்னவென்று மிளகு நேற்றே சொல்லியிருந்தால் அவருக்கு இன்று காலை காய்ச்சல் வந்திருக்கும்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"கேடவர். பிணம். 'விழு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம். விழுந்து கிடப்பது என்று பொருள்."

படித்துவிட்டு நிமிர்ந்தவரின் பார்வை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அறையின் மூலையில் நின்ற ஏணிக்குப் போனது.

அந்த வீட்டின் முன்பக்கம் முழுவதும் அந்த ஒரே அறைதான். அகராதிக்காரரின் வேலை அறை. ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, ஒரு காலத்தில் என்ன பொருள் தந்தன என்று தமிழில் சொல்லும் அகராதி. முப்பத்தைந்து வருஷ உழைப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சீட்டுகள் அடுக்கிய மரப்பெட்டிகள் ஒரு சுவரை முழுசாக விழுங்கியிருந்தன. ஆங்கிலத்தின் முதல் எழுத்து தரையை ஒட்டிய வரிசையில் தொடங்கியது. கடைசி எழுத்து கூரையைத் தொட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பிற்பகலில் அந்த ஏணியில் ஏறிய அகராதிக்காரர் கீழே விழுந்தார். அதோடு சரி.

வெளியே காலையிலிருந்து மழை. பத்து மணிக்கே விளக்கு போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் அவருடைய நாற்காலி. இருக்கையின் பஞ்சு இன்னும் அவர் உட்கார்ந்த அளவுக்கே அமுங்கியிருந்தது. மேஜைமேல் அவர் கண்ணாடி, மூடி திறந்த பேனா, ஒரு மரத்தட்டு. சீட்டுகள் வந்து விழுவது அந்தத் தட்டில்தான்.

"அவர் போய் நாலு மாசம் கழிச்சு முதல் சீட்டு வந்துச்சு" என்றாள் அகராதிக்காரர் மனைவி. மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. அழுது முடித்துவிட்ட கண்கள். "தினமும் காலையில நான்தான் இந்த மேஜையைத் துடைக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் தட்டு காலியா இருக்கும். காலையில சீட்டு இருக்கும். அவர் கையெழுத்து. யாரும் எழுதிட முடியாது. அந்த வால் இழுக்கிறது அவருக்கு மட்டும்தான் வரும்."

அவள் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மீதி ஐந்து சீட்டுகளையும் மேஜையில் பரப்பினாள். மாமா ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க எடுக்க அவர் குரல் இறங்கியது.

"ஃபெட்ச். உயிரோடு இருக்கும் ஒருவரின் உருவத்திலேயே தோன்றும் ஆவி. சொல்லின் வேர் தெரியவில்லை."

"ஹான்ட். இன்று, ஆவி நடமாடுதல். முதலில், ஓர் இடத்துக்கு ஓயாமல் போய்வருதல். வீடு என்ற சொல்லோடு உறவு இருக்கலாம்."

"மார்ட்மெய்ன். செத்த கை. ஒருமுறை பிடித்த சொத்தை என்றும் விடாத பிடி. பழைய பிரெஞ்சு."

"ரெவனன்ட். திரும்பி வருபவர். இறந்தபின் வருபவர். பிரெஞ்சு."

மாமா நாற்காலியைப் பார்க்காமல் நகர்ந்து மிளகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "பாப்பா, என் பஸ்ல எத்தனையோ பேர் இறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சிருக்காங்க. இந்த ஆள் இறங்கின பிறகும் ஏறிட்டே இருக்காரே."

"கடைசிச் சீட்டு?"

"நீயே படி தாயே."

மிளகு படித்தாள். "டியோடண்ட். ஒரு மனிதரின் சாவுக்குக் காரணமான பொருள். வண்டிச் சக்கரம், படகு, மாடு, எதுவானாலும் பறிமுதல். 'கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது' என்ற லத்தீன் தொடரிலிருந்து."

"இது முந்தாநாள் வந்தது" என்றாள் அந்த அம்மா. "தலை சுத்தி விழுந்துட்டார்னு டாக்டர் சொன்னார். நானும் நம்பினேன். இப்ப அவரே வந்து சொல்றார், ஏதோ ஒண்ணு என்னைக் கொன்னுச்சுன்னு. ஒரு பொருள் தானா கொல்லுமா? யாரோ ஒருத்தர் கை அதுல பட்டிருக்கும். அந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேன். வெறுங்கையோட போக மாட்டேன், ஆளோட பேரோட போவேன்."

"அம்மா, வேண்டாம்மா" என்றது ஒரு குரல்.

ஜன்னல் ஓரம் நின்றவள் மகள். அப்பாவோடு பத்து வருஷம் அகராதியில் வேலை செய்தவள். இப்போது அகராதி அவள் பொறுப்பில். முப்பது வயதுதான் இருக்கும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ரவிக்கை இரண்டு அளவு பெரிதாகிப் போயிருந்தது.

"நீ சும்மா இரு. ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. கேட்டா வேலை இருக்காம்." அந்த அம்மா மிளகின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இவ பின்னாடி ரூம்ல போன் பேசிட்டிருந்தா. சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தப்போ மூச்சு இல்லையாம். முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவர், போகும்போது பக்கத்துல ஒரு ஆள் இல்லாம போனார். அதுதான் எனக்கு..."

முடிக்கவில்லை. முந்தானையால் காலித் தட்டைத் துடைத்தாள்.

"இந்த ஆறு சீட்டு மட்டும்தான் வந்ததா?" என்று கேட்டாள் மிளகு.

"ஆமா."

"தட்டுல வேற ஒரு சீட்டும் விழுந்ததே இல்லையா?"

"வந்துச்சு. அதெல்லாம் சும்மா ஏதோ. சாவு சம்பந்தப்பட்டது இல்லை. இழுப்பறையில போட்டுவச்சேன்."

மிளகின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பையன் ஒருவன் தப்பான பாட்டிலைத் திறக்கும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

இழுப்பறையில் பதினான்கு சீட்டுகள் இருந்தன. எல்லாம் அதே வால் இழுத்த கையெழுத்து. நல்லவேளையாக அந்த அம்மா ஒழுங்கானவள். சீட்டு வந்த தேதியை ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் குறித்திருந்தாள்.

"மாமா, தேதிப்படி அடுக்குங்க. பிஸ்கட் டின் சீட்டையும் நடுநடுவுல சேர்த்துக்கங்க."

மாமா டிக்கெட் கட்டு பிரித்த விரல்களால் விறுவிறுவென்று அடுக்கினார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். இப்போது குரலில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது.

"கேடவர், பிணம். அடுத்தது கர்ஃப்யூ. நெருப்பை மூடு. அந்தக் காலத்துல சாயங்காலம் மணி அடிச்சு அடுப்பை மூடச் சொல்வாங்களாம். அடுத்தது டேன்டிலயன். சிங்கத்தின் பல். ஒரு பூச்செடிக்கு இந்தப் பேரா? இலை பல்லு மாதிரி இருக்குமாம். அப்புறம் ஃபெட்ச். அந்த ஆவி. ஹான்ட். இன்னொரு ஆவி. கெர்ச்சீஃப், தலையை மூடுவது. என் பாக்கெட்ல இருக்கறது தலையை மூடினதே இல்லை. லார்ட், ரொட்டியைக் காப்பவன். ஏம்மா, பிரபுவுக்கு ரொட்டிக்குக் காவல் இருக்கற வேலையா? மார்ட்மெய்ன், செத்த கை. பெடிக்ரி, கொக்கின் கால். வம்சாவளிப் படம் வரைஞ்சா கோடு கொக்குக் கால் மாதிரி வருமாம்..."

நின்றார். அடுக்கை மறுபடி பார்த்தார். உதட்டை அசைத்து ஆங்கில எழுத்துகளை ஒப்பித்தார்.

"பாப்பா! இது ஏ பி சி டி வரிசையில வருது!"

"ஆமா மாமா."

"எந்த ஊர்ப் பேய் பாப்பா வரிசையில நின்னு மிரட்டும்? என் பஸ்ல உயிரோட இருந்தவனே வரிசையில நின்னதில்லை!"

அந்த அம்மாவின் முகத்தில் எரிச்சல் ஏறியது. "கிண்டல் பண்றீங்களா?"

"இல்லம்மா" என்றாள் மிளகு, மெதுவாக. "யாராவது நமக்கு ஏதாவது சொல்லணும்னா, சொல்ல வேண்டிய வரிசையில சொல்லுவாங்க. இது பெட்டியோட வரிசை. யாரோ கீழ்ப் பெட்டியில இருந்து மேலே ஒவ்வொண்ணா பார்த்துட்டு வர்றாங்க. இருபது சீட்டு எடுத்துவச்சிருக்காங்க. அதுல ஆறு மட்டும் உங்க மனசுல ஒட்டிக்கிச்சு. கொக்குக் கால் ஒட்டலை." அவள் மேஜையிலிருந்து திரும்பினாள். "உங்களுக்கு முன்னாடி இந்த ரூமுக்குள்ள வர்றது யாரு?"

"யாரும் இல்லை. பெட்டியம்மா மட்டும்தான். சாவி அவகிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா அவகிட்ட நான் கேட்டாச்சு. யாரையும் பார்க்கலைங்கறா."

பெட்டியம்மா பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கிழிந்த பெட்டிகளுக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. விரல் நுனியெல்லாம் பசை. இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டுகளைப் பெட்டியில் சேர்ப்பதும் எடுப்பதும் அவள் வேலை.

"என்னம்மா, நல்லா ஒட்டுது போல" என்று மாமா பேச்சைத் தொடங்கினார்.

"வாயைத் தவிர எல்லாத்தையும் ஒட்டும்" என்றாள் அவள், நிமிராமல்.

மாமாவுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"சார் மேஜைத் தட்டுல சீட்டு வைக்கிறது யாரு?" என்று கேட்டாள் மிளகு.

"நான்தான்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா? அந்த அம்மா கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"அவங்க எங்க அப்படிக் கேட்டாங்க? காலையில யாராவது வந்தாங்களான்னு கேட்டாங்க. வரலைன்னேன். யாராவது வந்தா சொல்ல மாட்டேனா?" பெட்டியம்மா பசைக் குச்சியைக் கீழே வைத்தாள். "சார் போட்ட சட்டம் அது. எழுதினவங்களே தன் சீட்டைச் சரின்னு சொல்லக் கூடாது. இன்னொருத்தர் மூலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, மூலையில சிவப்பு டிக் போடணும். சார் எழுதினதுக்கெல்லாம் பாப்பா, அதான் சார் மக, டிக் போடும். வருஷத்துக்கு ஒருதடவை நான் எல்லாப் பெட்டியும் பார்க்கணும். டிக் இல்லாத சீட்டு எங்க கிடந்தாலும் எடுத்து சார் தட்டுல வைக்கணும். அவர் அதைத் தூக்கிப் பாப்பா மேஜையில வைப்பார். இந்த வருஷமும் வச்சேன். சார் இல்லைதான். சட்டம் இருக்கே."

"அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலையா? பிணம், ஆவி, செத்த கை..."

"ஐயோ!" பெட்டியம்மா நிஜமாகவே அதிர்ந்தாள். "அப்படியா இருக்கு? நான் எதுக்குப் படிக்கப்போறேன்? தலையில முதல் எழுத்தைப் பார்ப்பேன். மூலையில டிக் இருக்கான்னு பார்ப்பேன். நடுவுல பார்த்தா ஒரு நாளைக்கு ரெண்டு பெட்டி முடியாது."

மாமா சிரித்தார். "முடிஞ்சுது பாப்பா! ஆவி கிடையாது, கொலை கிடையாது. வா, மழை விடறதுக்குள்ள டீ குடிக்கலாம்."

மிளகு சிரிக்கவில்லை.

"ரெவனன்ட்டோட ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். "அது வந்து ஒன்பது நாளாச்சு."

"அதுக்கு மேல பெட்டியெல்லாம் உசரத்துல இருக்கே. ஏணி வேணும். ஏணியை யாரும் தொடக் கூடாதுன்னு பாப்பா சொல்லிடுச்சு. அம்மாவும், சார் விட்டுப்போனது எதையும் நகர்த்தக் கூடாதுங்கறாங்க. நான் எப்படி மேல பார்ப்பேன்?"

"அப்போ முந்தாநாள் ஒரு சீட்டு வச்சீங்களே?"

"முந்தாநாளா?" பெட்டியம்மா விரல்விட்டு எண்ணினாள். "இல்லையே. நான் ஒன்பது நாளா இந்தத் துணி ஒட்டற வேலையில இல்ல இருக்கேன்."

மாமா டீயை மறந்துபோனார்.

கூடத்தின் வழியே திரும்பி நடக்கும்போது அவர் அவள் காதில் கேட்டார். "டியோடண்ட். அது சிக்கு அடுத்து வர்ற டி. ரெவனன்ட்டுக்கு அப்புறம் டி எப்படி வரும்?"

"வராது. அது மட்டும்தான் வரிசையில வரலை. அது மட்டும்தான் யாரோ வேணும்னே எடுத்து வச்சது. இன்னொண்ணு கவனிச்சீங்களா மாமா? மத்த சீட்டு எதுலயும் மூலையில டிக் இல்லை. இதுல இருக்கு. பெட்டியம்மா சட்டப்படி இந்தச் சீட்டு தட்டுக்கு வர வேண்டிய காரணமே கிடையாது."

வேலை அறையில் அம்மாவும் மகளும் அவர்கள் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் அந்த நாற்காலி. மிளகு நேராக ஏணியிடம் போனாள். கனமான பழைய மர ஏணி. சாய்த்து வைப்பது இல்லை, நாலு காலில் நிற்பது.

"மாமா, ஏறுங்க."

"நானா? செத்தவர் ஏணியிலயா?"

"மூணு படி போதும்."

மாமா தனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு ஏறினார். முதல் படி. இரண்டாம் படி. மூன்றாவதில் கால் வைத்ததும் ஏணி ஒருமுறை 'டக்' என்று ஆடியது. ரொம்ப இல்லை. ஒரு விரல் அளவு. ஆனால் அந்த உயரத்திலிருந்து அறை முழுவதும் ஆடியது போல இருந்தது. யாரோ கீழே நின்று காலைத் தொட்டது போல இருந்தது. மாமா ஏறினதைவிட மூன்று மடங்கு வேகத்தில் இறங்கினார்.

மிளகு தரையில் உட்கார்ந்து ஏணியின் முன்கால் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் மற்றதைவிடக் குட்டை. அடியில், சணல் கயிறு கட்டிய ஒரு சீட்டுக் கட்டு முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது.

"இது என்ன கட்டு?"

பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது. "தள்ளுபடிச் சொல். பேய்ச்சொல்னு சொல்வார். எங்கேயும் யாரும் பேசாத சொல், ஏதோ ஒரு அகராதிக்காரன் தப்பா எழுதி, அதைப் பார்த்து அடுத்தவன் எழுதி, அச்சுல மட்டுமே உசுரோட இருக்குமாம். அதையெல்லாம் பொறுக்கிக் கட்டி ஏணிக்கு வச்சிட்டார். அதுக்காவது உதவட்டும்னு. பத்து வருஷத்துக்கு மேல அங்கேயே கிடக்கு."

"பத்து வருஷம்" என்றாள் மிளகு. "மாமா, ஏணியைக் கொஞ்சம் தூக்குங்க."

மாமா தூக்கினார். அவள் கட்டை எடுத்தாள். மேல்பக்கம் தரைப் புழுதி ஏறிக் கறுப்பாக இருந்தது. திருப்பினாள். அடிப்பக்கம் வெளுப்பு. அந்த வெளுப்பின் நடுவில் ஏணிக்காலின் சதுரம் ஆழமாகப் பதிந்திருந்தது.

பள்ளம் கீழே. புழுதி மேலே.

"தலைகீழா இருக்கு" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது. "யாரோ இதை உருவி எடுத்து, அவசரத்துல மாத்தி வச்சிருக்காங்க. அதான் ஏணி ஆடுது."

மிளகு எழுந்து நின்றாள். யாரையும் குற்றம் சாட்டும் குரலில் பேசவில்லை. பாடம் சொல்லும் குரலும் இல்லை.

"அம்மா, இருபது சீட்டுல பத்தொன்பது உங்க வீட்டுக்காரர் சட்டப்படி வந்தது. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இருபதாவது சீட்டையும் அவர்தான் எழுதினார், என்னைக்கோ. ஆனா அதைத் தட்டுல வச்சது உயிரோட இருக்கற ஆள். அந்த ஆளுக்குப் பெட்டியம்மா சீட்டு வைக்கிறது தெரியாது. தான் டிக் போடாம விட்ட சீட்டு ஒவ்வொண்ணா அப்பா தட்டுல வந்து விழுது. வாழும்போது அப்பாவே தேடி எடுத்து அந்த ஆள் மேஜையில கொண்டுவந்து வைப்பார், அதே மாதிரி. அப்புறம் ஒருநாள் 'திரும்பி வருபவர்'னு ஒரு சீட்டு. அதோட நின்னுபோச்சு. ஒன்பது நாள் பேச்சே இல்லை. பயமா இருந்திருக்கும். வர்றதைவிட வராம இருக்கறதுதான் அதிக பயம்." அவள் டியோடண்ட் சீட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். "இது செத்தவர் சொன்னது இல்லம்மா. செத்தவருக்குச் சொன்னது. பதில்."

யாரும் மகளைப் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லோரும் அவளைப் பார்ப்பது போல இருந்தது.

மகள் ஜன்னலிலிருந்து நகர்ந்து வந்தாள்.

"அந்தக் கட்டுல ஒரு சொல் இருந்துச்சு" என்றாள். கொடியில் காய்கிற துணி மாதிரி வறண்டிருந்தது அவள் குரல். "அது பேய்ச்சொல் இல்லை, நிஜமாவே பேசியிருக்காங்கன்னு எனக்குத் தோணுச்சு. அப்பா இல்லைன்னு சாதிச்சார். காலையிலேர்ந்து சண்டை. மத்தியானம் அவர் தூங்கறப்போ கட்டை உருவிட்டுப் பின்னாடி ரூமுக்குப் போயிட்டேன். போன்ல இன்னொரு அகராதி ஆசிரியர்கிட்ட கேட்டுட்டிருந்தேன். நான் சொன்னதுதான் சரி. அவரும் சரின்னார். அப்பாகிட்ட சொல்லணும்னு எழுந்தேன். அப்போதான் சத்தம்."

அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடி வந்தேன். கையில கட்டு இருந்துச்சு." மகள் நிறுத்தினாள். "முதல்ல கட்டைத்தான் ஏணிக்குக் கீழ வச்சேன். அப்புறம்தான் அப்பாகிட்ட போனேன்."

இந்த வீட்டில் ஆவி இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாமாவுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

"மூச்சு இல்லைன்னு சொன்னியே" என்றாள் அம்மா.

"பொய்."

"உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நான் கட்டை வைக்கிறதை அவர் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வந்து உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். வர்றதுக்குள்ள..." அவள் தரையைப் பார்த்தாள். "என்னைத்தான் பார்த்துட்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசலை. இப்பவும் பார்த்துட்டுத்தான் இருக்கார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானே வரேன்மா. என் பேரைச் சொல்லு."

அந்த அம்மா மகளை நோக்கி நடந்தாள். அடிக்கப்போகிறாள் என்று மாமா நினைத்தார். ஒரு அடி முன்னே வைத்தார். மிளகு அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்படிப் பார்த்தார்?"

"அம்மா..."

"எப்படிப் பார்த்தார்னு காட்டுடி."

மகள் முகத்தைத் தூக்கினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் இரண்டும் நடுவில் நெருங்கின. வலது கண் சுருங்கியது. தாடை இறுகி உதடு உள்ளே மடிந்தது. ஆறு மாதமாகத் தினமும் எதிரில் பார்த்த முகம் போல, ஒரு மடிப்பு தப்பாமல் அவளுக்கு வந்தது. மாமா பார்வையைத் திருப்பிக்கொண்டார். பார்க்கக் கூடாதது அது.

அந்த அம்மா மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பல்லைக் கடிச்சிட்டா இருந்தார்?"

மகள் தலையசைத்தாள்.

"நிஜமான கோபம் வந்தா உங்கப்பாவுக்கு வாய் பிளந்துக்கும். பேச்சு வராது, ஆனா வாய் திறந்தே இருக்கும். நீ பார்த்ததில்லையா? உன்கிட்ட சண்டை போடறப்போ பேசியே தீர்த்துடுவார், அதனால தெரியாது." அவள் கை தானாக உயர்ந்து மகளின் இறுகிய தாடையைத் தொட்டது. "இது வலி. சிறுநீரகத்துல கல்லு வந்தப்போ மூணு நாள் இந்த முகம்தான் என்னைப் பார்த்துச்சு. என்னை வேற யாரோன்னு நினைச்சுக்கிட்டுப் பார்த்தார். முகம்தான் என் பக்கம் இருந்துச்சு. ஆள் வலிக்குள்ள இருந்தார்."

மகளின் முகம் கலைந்தது. ஏணி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கட்டை முதல்ல வச்சது தப்பு" என்றாள் அம்மா. நின்ற இடத்திலிருந்து, குனியாமல். "அதுக்கு உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. இப்பச் சொல்ல முடியாது. நாளைக்கும் சொல்ல முடியுமான்னு தெரியலை." பிறகு மிளகைப் பார்த்தாள். "நீங்க கிளம்புங்கம்மா."

மிளகு கட்டை மேஜையின் ஓரத்தில் வைத்தாள். மாமா ஓசைப்படாமல் கதவைத் திறந்தார். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைக்கும்போது, சாத்தாத கதவு வழியே பேச்சு கேட்டது. கேட்கக் கூடாது என்று நினைத்தார். கால் நகரவில்லை.

"அஞ்சு நிமிஷம் பக்கத்துலயே இருந்தியா?"

"இருந்தேன்."

"கையைப் பிடிச்சியா?"

"பிடிச்சேன். அவரும் பிடிச்சார். விடலை."

துணி உரசும் சத்தம். அந்த அம்மா தரையில் உட்காருகிறாள் என்று தெரிந்தது.

"இந்தா. எவ்வளவு அழுத்தமா பிடிச்சார்? பிடிச்சுக் காட்டு."

வளையல் மெல்லக் குலுங்கியது.

"இவ்வளவா?"

"இல்லம்மா. இன்னும் அழுத்தமா."